பிரதர் இல்லைன்னு சொல்லவே மாட்டாரு

எங்கள் சபையில் என்னைப் பற்றிக் கேட்டால் ஒரு காலத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்: "பிரதர் இல்லைன்னு சொல்லவே மாட்டாரு." வேலை பார்த்த சைட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். "அந்த சேஃப்டிக்காரர் தங்கமான மனுஷன், யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டார்." ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து மேஸ்திரி இப்படிப் புகழ்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 2008இல் சிங்கப்பூர் வந்தேன். முதலில் கட்டுமான ஊழியர், அப்புறம் சேஃப்டி சூப்பர்வைசர், அப்புறம் ஒருங்கிணைப்பாளர். மனைவி செவிலியர். ஞாயிறு மாலை தமிழ் ஆராதனை, வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். சபையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. தப்பு என்னுடையது என்பதால் அவை தேவைப்படவும் இல்லை.

நல்ல பெயர் எடுக்கும் ஆசை என்றவுடன் மேடையில் சால்வை வாங்கும் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். ஊரை விட்டு வந்தவனுக்கு அது சோறு மாதிரி. அப்போது நான் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருந்தேன். வேலை போனால் பாஸும் போகும், பொதுவாக முப்பது நாள் தருவார்கள், அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இங்கே மாமா, சித்தப்பா என்று யாரும் கிடையாது. சபைதான் சொந்தம். மகள் பிறந்தபோது நாற்பது நாளும் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் கேரியரில் போட்டு ஈசூன் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் சபை மூப்பர் ஒருவரின் மனைவி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து வரும் கதை அந்த மூப்பரைப் பற்றியது.

2013இல் அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். வெளிநாட்டில் அகில் மரத் தோட்டம். பணம் போட்டால் மாதம் 4 விழுக்காடு கிடைக்கும். ஜெபக்கூட்டம் முடிந்து வடையும் தேநீரும் கைக்கு வந்த பிறகு பேச்சு மெல்ல அந்தப் பக்கம் திரும்பும். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதுதான் சிக்கல். ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்து 55 வயதில் எடுத்த மத்திய சேமநிதிப் பணத்தைத் தானே அதில் போட்டிருந்தார். "கர்த்தர் திறந்த வாசல்" என்று கண் கலங்கச் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாதம் 4 என்றால் ஆண்டுக்கு 48. வரும் காசைத் திரும்பவும் அதிலேயே போட்டால் ஆண்டு முடிவில் 60. சேமநிதியின் சாதாரணக் கணக்கு ஆண்டுக்கே 2.5 விழுக்காடுதான் தருகிறது. மாதத்துக்கு நாலு தரும் மரம் எந்தக் காட்டில் முளைக்கும்? நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்திலும் தேடினேன். அங்கே உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. பொதுமக்களை எச்சரிக்கத் தனியாக இன்னொரு பட்டியலும் உண்டு. முதல் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. எச்சரிக்கைப் பட்டியலில் இல்லாததால் மட்டும் ஒரு திட்டம் நல்லதாகிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டாவது 'இல்லை'யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். நாகர்கோவில் பக்கத்துச் சகோதரி ஒருவர், இங்கே ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருப்பவர், என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "பிரதர், நீங்க படிச்சவங்க. அந்த அகில் மரத்துல நானும் போடலாமா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "வேண்டாம் சிஸ்டர்." இரண்டே வார்த்தை. ஆனால் மூப்பரும் அவர் மனைவியும் எங்களுக்கு முன்னால் பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கையில் அதே சாப்பாட்டுக் கேரியர் வைக்கும் பை. நான் சொன்னேன்: "ஜெபம் பண்ணிட்டு முடிவெடுங்க சிஸ்டர்."

அவர் ஜெபம் பண்ணினார். 4,800 சிங்கப்பூர் வெள்ளி போட்டார். அவருடைய எட்டு மாதச் சம்பளம். ஏழு மாதம் பணம் ஒழுங்காக வந்தது, எட்டாவது மாதம் நின்றது, அதற்கப்புறம் அந்தத் தொலைபேசி எண்ணே இல்லாமல் போனது.

அந்த நாள்களில் யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும். மோசே மலையில் இருக்கிறார், ஜனங்கள் நெருக்குகிறார்கள், ஆரோன் பொன்னை வாங்கிச் சிற்பக்கருவியால் கன்றுக்குட்டி செய்கிறார். மோசே இறங்கி வந்து கேட்டதும், பொன்னை அக்கினியில் போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்கிறார். தானாக வந்துவிட்டதாம்! பைபிளிலேயே இவ்வளவு அசட்டுத்தனமான சாக்கு வேறு இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் "ஜெபம் பண்ணச் சொன்னேன், அவங்க போட்டுட்டாங்க" என்று மனைவியிடம் நான் சொன்னதும் அதே ரகம்தான்.

இதிலேயே திருந்தியிருந்தால் அடுத்ததை எழுத வேண்டி வந்திருக்காது.

2016இல் ஒரு கட்டடத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கு உள்பூச்சு அடிக்கும் வேலை. ஆள் இறங்கும் துவாரம் ஒன்றே ஒன்று, உள்ளே இருட்டு, பூச்சில் கரைப்பான் கலந்திருக்கும். இங்கே சட்டப்படி இப்படிப்பட்ட அடைப்பிடத்துக்குள் யாரும் சும்மா இறங்க முடியாது. அஸெஸர் வாயு மீட்டரால் சோதித்து, எண்களைப் பெர்மிட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே உள்ளவர் அனுமதி தருவார். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எரியக்கூடிய வாயு, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று உயரத்தில் பார்க்க வேண்டும். ஏனென்றால் கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தேங்கும்.

அன்றைக்கு அஸெஸர் நான்தான். மீட்டர் வேறொரு புளோக்கில் இருந்தது. போய் எடுத்துவர இருபது நிமிடமாகும். ஆள்கள் ஹார்னஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். புரொஜெக்ட் மேனேஜர் வந்தார், நம்ம ஊர்க்காரர், எனக்குச் சம்பள உயர்வுக்கு எழுதிக் கொடுத்தவர். "என்னண்ணே, நேத்தும் நீங்கதானே பார்த்தீங்க? ஒரு ராத்திரில தொட்டி மாறிடுமா? போடுங்கண்ணே" என்று தோளில் கை வைத்தார்.

எழுதினேன். ஆக்சிஜன் 20.9. மற்றது எல்லாம் பூஜ்யம்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு 20.9 என்ற எண் மனப்பாடம். வெளிக்காற்றில் மீட்டரைப் பிடித்தால் எப்போதும் அதுதான் காட்டும். அளக்காமல் எழுத வேண்டுமென்றால் எல்லார் பேனாவிலும் முதலில் வருவதும் அதுதான். பேப்பரைப் பார்த்து அது அளந்ததா, கற்பனையா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பதினோரு மணி வாக்கில் துவாரத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றவர் கத்தினார். உள்ளே காற்று அடிக்கும் குழாய் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் தலை சுற்றி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே இழுத்துக் கொண்டுவந்ததும் வாந்தி. அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார், மருத்துவரும் ஒன்றுமில்லை என்றார். அதற்குள் நான் ஓடிப் போய் மீட்டரை எடுத்து வந்து கயிற்றில் கட்டி இறக்கியிருந்தேன். அடியில் எரியக்கூடிய வாயு 12 காட்டியது.

அந்த நிமிடம் எனக்குள் முதலில் வந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'நல்லவேளை, காலையில் அளக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது.' அதற்கு அப்புறம்தான் தம்பியைப் பற்றிய நினைப்பே வந்தது.

சாயங்காலம் லாரி ஏறும்போது அந்தத் தம்பி என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க காலைல செக் பண்ணிவிட்டதாலதான் இதோட போச்சு. வேற யாராச்சும்னா பார்க்காமலே இறக்கியிருப்பாங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளைத் தட்டினேன்.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். சொன்னதுகூட பாதிதான், கழன்று விழுந்த குழாயைப் பற்றி நிறைய, மீட்டரைப் பற்றிக் கொஞ்சம். அவள் இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரத்தைக் கட்டியபடி கேட்டாள்: "எங்க வார்டுல ஒரு நர்ஸ் பிரஷர் பார்க்காமலே 120க்கு 80னு எழுதுனா, நீங்க அவள என்ன சொல்வீங்க?" பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சத்தியம் என்றால் பிரசங்க மேடையில் சொல்லும் விஷயம், சுவிசேஷம் சொல்லும்போது தேவைப்படும் விஷயம் என்று ஒரு தனிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதைச் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசாக டம்ளர் வாங்கியவன் நான். அது ஆக்சிஜனுக்கும் பொருந்தும் என்று அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது.

நான்கு நாள் இழுத்தடித்துவிட்டு சேஃப்டி மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, அந்த ஆண்டு போனஸில் பாதி போனது, இரண்டு மாதத்தில் துவாஸ் பக்கம் ஒரு சைட்டுக்கு மாற்றினார்கள். ஈசூனிலிருந்து துவாஸுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவே தனித் தண்டனை. தோளில் கை போட்ட மேனேஜர் அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. உண்மையைச் சொன்னால் கர்த்தர் உடனே உயர்த்துவார் என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

தம்பியிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அவர் தங்கியிருந்த விடுதியின் கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சொன்னேன். சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப அந்த நம்பர்?" "நானா எழுதினது." அவர் மிச்சச் சப்பாத்தியைக் குருமாவில் தொட்டு முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து "சரிண்ணே" என்றார். இன்றுவரை என்னிடம் அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதே குறைந்துவிட்டது.

அடுத்த வாரமே மூப்பர் வீட்டுக்கும் போனேன். "மாமா, அந்தத் திட்டம் சரியில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்க மனசு நோகுமேன்னு சொல்லல." அவர் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பவே சொல்லியிருந்தா என் காசுல பாதியாவது மிஞ்சியிருக்குமே தம்பி" என்றார். யாருடைய பிரியத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டேனோ அவரே என் மௌனத்தால் நஷ்டப்பட்டிருக்கிறார். "மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்" என்று நீதிமொழிகள் 29இல் இருக்கிறது. அந்தக் கண்ணியில் பயந்தவன்தான் மாட்டுவான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பக்கத்தில் நிற்கிறவர்களின் காலும் சேர்ந்து மாட்டுகிறது.

இதற்கப்புறம் நான் தைரியசாலி ஆனேன். இதையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தத் தைரியம் பழைய பயத்தைவிட மோசமாக இருந்தது.

சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சாட்சி போட்டால் அதில் வசனம் தப்பு என்று எல்லோர் முன்னாலும் திருத்துவேன். பாடகர் குழு ஒத்திகைக்குத் தாமதமாக வந்த சகோதரியை "கர்த்தருக்குக் கொடுக்கிற நேரம் இதுதானா?" என்று கேட்டு அழ வைத்தேன். அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு மூன்று பேர் தனியாக எனக்கு "தைரியமா சொன்னீங்க பிரதர்" என்று செய்தி அனுப்புவார்கள். அதை ராத்திரி படுத்துக்கொண்டு இரண்டாம் தடவை எடுத்து வாசிப்பேன்.

2017 தைப்பூசத்துக்கு முந்தின வாரம். துவாஸ் போகும் லாரியில் ஒரு நண்பர் காவடி எடுக்கப் போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நடக்க வேண்டும். தைப்பூசம் இங்கே 1968இலிருந்து பொது விடுமுறை இல்லை, அதனால் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய அம்மாவுக்கு நடந்த ஆபரேஷனுக்கான நேர்த்திக்கடன் அது. நான் இடையில் புகுந்து அந்தச் சாமியைப் பற்றி ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மனசு வரவில்லை. லாரியில் இருந்த பதினைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குள் ஒரு பெருமை. 'சுவிசேஷத்துக்காக நிந்தை அனுபவிக்கிறேன்.'

இறங்கியதும் ஃபோர்மன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கடையநல்லூர் வம்சாவளி முஸ்லிம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். 1964 இனக் கலவரத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த கதையை அவருடைய வாப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். சமய நல்லிணக்கத்துக்கென்று 1990இலேயே இங்கே சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள், அதைக் காட்டி அவர் என்னை மிரட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. "தம்பி, உன் சாமியைப் பத்திச் சொல்லு, நானும் உட்கார்ந்து கேக்குறேன். அவன் சாமியைப் பத்தி நீ ஏன் சொல்றே?" என்றார்.

பதில் இல்லை. ராத்திரி வேதத்தைத் திறந்தால் அப்போஸ்தலர் 19. எபேசுவில் பவுல் பல மாதங்கள், ஆண்டுக்கணக்கில் பிரசங்கித்திருக்கிறார், ஊரே கொந்தளிக்கிறது. அந்தக் கூட்டத்தை அடக்க வந்த பட்டணத்து அதிகாரி, இவர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் இல்லை என்று சாட்சி சொல்கிறார். பவுலைவிடவா நான் தைரியசாலி? அவரைப் பற்றி எதிர்த்தரப்பு அதிகாரியே கொடுத்த நற்சான்றிதழை எனக்கு அந்த லாரியில் ஒருவராவது கொடுப்பாரா? காவடி எடுத்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, ஆனா அம்மா பேரை எடுத்தப்போ சொன்னீங்க பாருங்க, அதான்" என்றார்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. தொட்டி மேட்டில் நின்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டவனும் லாரியில் வாய் நீட்டியவனும் ஒரே ஆள்தான். கைதட்டுகிற கூட்டம் மட்டும் மாறியிருந்தது. முன்னே மேனேஜர் தோளைத் தட்ட வேண்டும். பின்னே வாட்ஸ்அப்பில் மூன்று பேர் "ஆமென்" போட வேண்டும்.

வேதத்தில் வரும் சவுல் ராஜாவையும் தாவீது ராஜாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தீர்க்கதரிசி சாமுவேல் கண்டித்தபோது சவுல், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்கிறான். நல்ல அறிக்கைதான். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே, நான் பாவம் செய்தேன், ஆனாலும் இப்போது மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்கிறான். பாவ அறிக்கைக்கு நடுவிலும் அவன் கண் கூட்டத்தின் மேல்தான். தாவீதைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது அவன், கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்றதோடு நிறுத்திக்கொள்கிறான். என்னைக் கனம்பண்ணு என்ற வால் இல்லை. நான் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியதைச் சபையில் சாட்சியாகச் சொல்ல ஒரு தடவை கிளம்பினேன். மனைவிதான் நிறுத்தினாள். "அதையும் பேர் வாங்க வச்சுக்காதீங்க" என்றாள். (இங்கே எழுதும்போதும் அந்தக் குரல் கேட்கத்தான் செய்கிறது. பெயர் போடாமல் எழுதுவதற்கு அது ஒரு காரணம்.)

இப்போது என் பழக்கத்தில் சில விஷயங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் பொருந்துமா தெரியாது.

முதலில் காசு. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்திருக்கிறேன். இது என்ன ஆவிக்குரிய பாடமா என்று சிரிப்பீர்கள். ஆனால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவன் மேனேஜரிடம் "முடியாது சார்" என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். என் விசுவாசம் அவ்வளவு பலமானது இல்லை என்று எனக்கே தெரியும். அதனால் அதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்கு நான் கொடுக்கும் முதல் ஆலோசனை இதுதான்: சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடாதே.

அப்புறம், தீர்ப்பைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வது. "நீங்க ஆளைக் கொல்லப் பார்க்கிறீங்க சார்" என்றால் சண்டைதான் வரும். "சார், அடியில பன்னிரண்டு காட்டுது, பத்துக்கு மேல போகக் கூடாது" என்றால் அவர் மீட்டரோடுதான் சண்டை போட வேண்டும். மூப்பரிடமும் அன்று "இது மோசடி" என்று சொல்லத் தேவை இருந்திருக்காது. "மாமா, மாசம் நாலுன்னா வருஷத்துக்கு நாப்பத்தெட்டு. சேமநிதி ரெண்டரை. இந்த மீதி எங்கருந்து வருது?" என்று கேட்டிருந்தால் போதும். நாத்தான்கூட அரண்மனைக்குப் போய் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைத்தான் முதலில் சொன்னார். தீர்ப்பைத் தாவீதே கொடுத்தான்.

தனியாகச் சொல்வதா, எல்லார் முன்னாலும் சொல்வதா என்ற கேள்வியில் ரொம்ப நாள் குழம்பினேன். மத்தேயு 18இல் இயேசு "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறார். கலாத்தியர் 2இல் பவுலோ பேதுருவை எல்லாருக்கும் முன்பாகவே கண்டிக்கிறார். முரண் போலத் தோன்றும். ஆனால் அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையிலிருந்து விலகியது எல்லோரும் பார்க்க நடந்தது. அவரைப் பார்த்துப் பர்னபாவும் விலகிவிட்டார். சேதம் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு தூரம் பேச்சும் போக வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒத்திகைக்குத் தாமதமாக வந்த சகோதரியிடம் ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுத்துக் கோப்பிக்கடையில் பேசியிருக்க வேண்டும். அகில் மரத்தைப் பற்றி முதலில் மூப்பரிடம் தனியாக, அவர் கேட்கவில்லை என்றால் போதகரிடம், அதற்கப்புறமும் ஜனங்கள் பணம் போட்டுக்கொண்டிருந்தால் சபை நடுவிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன்.

பேதுருவைப் பற்றி இன்னொன்று. நெருப்புக் காய்ந்த இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து இயேசுவைத் தெரியாது என்றவர், அப்போஸ்தலர் 4இல் ஆலோசனைச் சங்கமே ஆச்சரியப்படும் தைரியத்தோடு பேசுகிறார். அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் பெந்தெகொஸ்தேவுக்கு அப்புறமும், அந்தத் தைரியத்துக்கு அப்புறமும், அந்தியோகியாவில் ஒரு சாப்பாட்டு மேசையிலிருந்து பயந்து நழுவுகிறார். இது எனக்குப் பெரிய ஆறுதல். எனக்கு இன்றும் கை நடுங்கும். போன ஆண்டுகூட உயரத்தில் செய்யும் வேலைக்கான பெர்மிட் ஒன்றில் உயிர்க்கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்க்க மாடி ஏறாமல் பேனாவை எடுத்துவிட்டேன். வெயில், முழங்கால் வலி, கீழே நின்ற சூப்பர்வைசரின் அவசரம். பேனாவை மூடி வைத்துவிட்டு ஏறினேன். கயிறு கட்டித்தான் இருந்தது. சூப்பர்வைசர் "அதான் சொன்னேன்ல அண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பதில் தெரிந்த கேள்விக்கு "ஜெபம் பண்ணுங்க" என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன், அப்புறம் சேர்ந்து ஜெபிக்கலாம் என்றால் ஜெபிக்கிறோம். சபையில் இப்போது என்னை யாரும் தங்கமான மனுஷன் என்பதில்லை. "அவர்கிட்ட கேட்டா நேரா சொல்லிடுவாரு, ஜாக்கிரதை" என்கிறார்கள். அது பாராட்டா, குறையா என்று பிரித்துப் பார்க்க ஆசை வரும்போது அடக்கிக்கொள்கிறேன்.

அந்த நாகர்கோவில் சகோதரியிடம் 2016இலேயே மன்னிப்புக் கேட்டிருந்தேன். 4,800இல் என்னால் முடிந்ததைச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறேன் என்றேன், அவர் வாங்கவில்லை. இங்கேயே வேறு வீட்டில் வேலை பார்க்கிறார். போன மாதம் ஆராதனை முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். கையில் நாலு பக்கம் மடித்த ஒரு தாள். ஊரில் வீட்டு மனைக்கு முன்பணம் கட்டச் சொல்லி யாரோ கொடுத்த ஒப்பந்தம், பாதி ஆங்கிலத்தில்.

பிரித்துப் பார்த்தேன். கொடுத்தவர் யார் என்று கேட்டேன். சபையில் இப்போது பொருளாளராக இருக்கும் சகோதரரின் மைத்துனர் என்றார். அந்தச் சகோதரர் நாலு வரிசை தள்ளி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் கண் அந்தப் பக்கம் போனதைச் சகோதரி பார்த்துவிட்டார்.

"பிரதர், இந்தத் தடவை ஜெபம் பண்ணச் சொல்லாதீங்க. அத நான் பண்ணிட்டேன். நீங்க படிச்சுச் சொல்லுங்க."

சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினேன்.